கல்யாணப் படங்களில் கலர் கரெக்‌ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலர் எடிட்டிங் கற்றுக்கொள்ள நம் ஊர்க் கல்யாணத்தைவிடக் கடினமான பாடம் இல்லை. ஒரே நாளில் குத்துவிளக்கு வெளிச்சம், வெயில், ஸ்டேஜ் எல்இடி, வீடியோக்காரரின் லைட் எல்லாம் வந்துவிடும். குங்குமச் சிவப்பில் பட்டு, தங்க ஜரிகை, மாநிறத்தின் அத்தனை சாயல்களிலும் முகங்கள். அதனால் இங்கே உதாரணங்கள் எல்லாம் கல்யாண வீட்டிலிருந்துதான். லைட்ரூமை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற மென்பொருள்களிலும் இதே ஸ்லைடர்கள் பெயர் கொஞ்சம் மாறி இருக்கும்.

எதிலிருந்து தொடங்க வேண்டும்?

ஒயிட் பேலன்ஸ் (எந்த ஒளியில் எடுத்தாலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் திருத்தம்), அடுத்து எக்ஸ்போஷர் (படத்தின் மொத்த வெளிச்சம்). இந்த இரண்டும் முடியும்வரை மற்ற கலர் ஸ்லைடர்கள் பக்கமே போகாதீர்கள். படம் முழுக்க மஞ்சள் ஏறியிருக்கும்போது புடவையின் பச்சையை மட்டும் திருத்தினால், பின்னால் அந்த மஞ்சளை எடுத்ததும் பச்சை நீலத்துக்கு நகர்ந்துவிடும். திருத்தியதையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். எக்ஸ்போஷரும் அப்படியே. இருட்டான படத்தில் அடர்த்தியாகத் தெரிந்த நிறம் வெளிச்சம் கூட்டியதும் வெளிறிப்போகும்.

இவை முடிந்ததும் கான்ட்ராஸ்ட், பிறகு முகம், கடைசியில் துணிமணி. துணிக்கு முன்னால் முகத்தை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. புடவையின் நிறம் ஒரு சாயல் தள்ளிப்போனால் அதைக் கடையில் எடுத்தவர் மட்டும்தான் கண்டுபிடிப்பார். முகம் தள்ளிப்போனால் ஆல்பத்தைப் புரட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியை ஐடிராப்பரால் (‘இந்த இடத்தில் நிறமே இல்லை’ என்று மென்பொருளுக்குக் காட்டும் கருவி) கிளிக் செய்தால் ஒயிட் பேலன்ஸ் சரியாகிவிடாதா?

சில நேரம் சரியாகும். பல நேரம் கெடும். பட்டு வேட்டி வெள்ளையே கிடையாது, சந்தன வாடை அடிக்கிற கிரீம் நிறம். அதை வெள்ளை என்று மென்பொருளிடம் சொன்னால், அந்த கிரீமை அழிக்க அது படம் முழுவதிலும் நீலத்தை ஏற்றும். முகம் செத்துப்போகும்.

பளிச்சென்ற புதுப் பருத்தி வேட்டியில் கதை நேர்மாறு. அந்தத் துணியிலும் சலவைத்தூளிலும் இருக்கும் பளிச்சூட்டும் ரசாயனம், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு லேசான நீல ஒளியாகத் திருப்பி விடுகிறது. நம் கண்ணுக்கு அது ‘நல்ல வெள்ளை’. கேமராவுக்கு நீலம் கலந்த வெள்ளை. அதைக் கிளிக் செய்தால் படம் மஞ்சளாகிவிடும்.

இன்னொரு சிக்கல், வேட்டி பெரும்பாலும் வெளிச்சம் முட்டிப்போன இடமாக இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்று எல்லையைத் தொட்டிருந்தாலும் அந்த இடத்தின் கணக்கு தப்புதான். எவர்சில்வர் தம்ளரையும் தட்டையும் தொடவே வேண்டாம், சுற்றி இருக்கும் நிறமெல்லாம் அதில்தான் தெரியும்.

சாம்பல் நிறத்தில் எதையாவது தேடுங்கள். சிமென்ட் தூண், வீடியோக்காரரின் ஸ்பீக்கர், யாரோ ஒருவரின் சாம்பல் நிற பேன்ட். இதெல்லாம் அவசரத்துக்கு. உண்மையான வழி, ஒவ்வொரு இடத்திலும் லைட் மாறும்போது 18 சதவீத கிரே கார்டை (இதற்கென்றே விற்கும் சாம்பல் நிற அட்டை) மணமக்கள் முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்துவைப்பது. இரண்டு நொடி வேலை. முகூர்த்த நேரத்தில் கேட்டால் திட்டு விழும், அதனால் மணமேடையில் ஆள் உட்காருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

கெல்வின் எண் கூடினால் ஒளி நீலம் என்கிறார்கள். ஸ்லைடரில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகிறதே?

இரண்டும் சரிதான். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு. மெழுகுவத்தி ஒளி சுமார் 1900 கெல்வின், பழைய குண்டு பல்பு சுமார் 2800, நடுப்பகல் வெயில் சுமார் 5500, திறந்தவெளி நிழல் 7000-க்கு மேல். எண் கூடக் கூட ஒளி நீலமாகிறது. ஸ்லைடரில் நீங்கள் சொல்வது ‘எடுத்தபோது இருந்த ஒளி இது’ என்ற தகவல். 7500 என்று சொன்னால், ஒளி நீலமாக இருந்ததாக நம்பி மென்பொருள் அதைச் சமன்செய்ய மஞ்சளைச் சேர்க்கிறது.

பக்கத்தில் இருக்கும் டின்ட் ஸ்லைடரை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். அது பச்சைக்கும் மெஜன்டாவுக்கும் (ஊதா கலந்த ரோஸ்) இடையில் ஓடுவது. டியூப்லைட், மலிவான எல்இடி, புல்வெளி, வாழைமரப் பந்தல் இவையெல்லாம் முகத்தில் பச்சையை ஏற்றும். மஞ்சள்-நீலத்தை எவ்வளவு நகர்த்தியும் முகம் சீக்காளி போலவே இருக்கிறது என்றால், குறை டின்ட்டில் இருக்கிறது.

மண்டபத்தில் பாதி முகம் மஞ்சள், பாதி முகம் நீலம். எதைச் சரிசெய்வது?

மணமேடைக்கு மேலே மஞ்சள் எல்இடி, எதிரே வீடியோக்காரரின் வெள்ளை லைட், பக்கவாட்டில் திறந்த கதவு வழியே பகல், நடுவில் ஹோமத்தீ. இத்தனைக்கும் பொதுவான ஒரு ஒயிட் பேலன்ஸ் கிடையாது. ஆகவே முதன்மையான முகத்தின் வெளிச்சமான பக்கத்துக்கு ஒயிட் பேலன்ஸை வையுங்கள். மறுபக்கத்தை பிரஷ் மாஸ்க்கால் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் டெம்பரேச்சரை நகர்த்துங்கள். முழுவதும் சமமாக்கக் கூடாது, பாதி தூரம் போனால் போதும். ஹோமத்தீ பக்கத்தில் முகம் கொஞ்சம் ஆரஞ்சாக இருந்தால்தான் அது ஹோமம். பின்னணிச் சுவர் மஞ்சளாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

வெளியே துணிப்பந்தல் என்றால் வேறு தொல்லை. சிவப்பும் மஞ்சளுமான துணி வழியே வெயில் வடிந்து எல்லோர் தலையிலும் அந்த நிறம் இறங்கும். பந்தலின் எந்தத் துண்டுக்குக் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து முகத்துக்கு முகம் நிறம் மாறும். பந்திப் படங்களில் இதை முழுவதுமாகத் திருத்த நினைத்தால் விடிந்துவிடும். முன்வரிசையில் நாலு முகத்தைச் சரிசெய்துவிட்டு நகருங்கள்.

ரிசப்ஷனில் ஊதா லைட் அடித்தார்கள். புடவையின் உண்மையான நிறத்தை மீட்க முடியுமா?

முடியாது. மஞ்சள் பல்பின் ஒளியில் எல்லா நிறமும் கூடக் குறைய இருக்கும், அதனால் கணக்கிட்டுச் சரிசெய்யலாம். ஸ்டேஜில் வைக்கும் ஊதா எல்இடியில் சிவப்பும் நீலமும் மட்டும்தான் எரியும், பச்சை ஏறக்குறைய இல்லை. விழாத ஒளியைப் புடவை பிரதிபலிக்கவும் இல்லை, கேமரா பதியவும் இல்லை. நீலத்தையும் ஊதாவையும் சாச்சுரேஷனில் (நிறச் செறிவு) குறைத்து கண்ணுக்கு உறுத்தாமல் ஆக்கலாம், அல்லது கறுப்பு வெள்ளை ஆக்கலாம். எடுக்கும்போதே முகத்தில் ஃபிளாஷ் விழவைத்தவர்கள் தப்பித்தார்கள்.

கல்யாணப் பெண்ணின் சிவப்புப் பட்டு மட்டும் மடிப்பே தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக நிற்கிறது. ஏன்?

சிவப்பு சேனல் முட்டிவிட்டது. ஜேபெக் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நல்ல வெளிச்சத்தில் குங்குமச் சிவப்புப் பட்டின் சிவப்பு எண் 255-ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். பச்சையும் நீலமும் 20, 30 என்று அடியில் கிடக்கும். மடிப்பின் மேட்டிலும் சிவப்பு 255, சரிவிலும் 255. வித்தியாசம் காட்ட வேண்டிய எண் நகரவே இல்லை என்றால் மடிப்பு எங்கிருந்து தெரியும்? சிவப்பின் மேல் சிவப்பாக நெய்த செல்ஃப் டிசைனும் அதோடு போய்விடும்.

எடுக்கும்போது இது கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. வெளிச்சத்தை மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று புள்ளிகளை எண்ணிக் காட்டும் வரைபடம்), வழக்கமான கணக்கின்படி பச்சைக்கு 72 சதவீதம் எடை கொடுக்கிறது, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. சிவப்பு முட்டிக்கொண்டு நின்றாலும் மொத்த வளைவு பார்வைக்கு நிம்மதியாகவே இருக்கும். கேமராவில் மூன்று சேனலையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வலது ஓரத்தில் சுவர் போல் எழும்பினால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்குங்கள்.

எடுத்தாகிவிட்டது என்றால், ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் ராவில் சிவப்பு முட்டியிருக்காது, அதன் மேல் பூசிய ‘விவிட்’ மாதிரி புரொஃபைல்தான் (நிறங்களுக்கான தயார் அமைப்பு) முட்டவைத்திருக்கும். புரொஃபைலை நியூட்ரலுக்கு மாற்றியதும் பாதி மடிப்பு தானாக எழுந்துவரும். அப்புறம் புடவையை மட்டும் மாஸ்க் செய்து (அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து), முதலில் சாச்சுரேஷனைக் குறையுங்கள், அடுத்து எக்ஸ்போஷரைச் சற்று இறக்குங்கள். சாச்சுரேஷனைக் குறைத்தால் பட்டு மங்கிவிடுமே என்று கை தயங்கும். உண்மையில் மடிப்பும் நிழலும் திரும்பி வந்ததும் அந்தச் சிவப்பு முன்பைவிடக் கனமாகத் தெரியும். மாஸ்க் இல்லாமல் ரெட் ஸ்லைடரை இழுக்க வேண்டாம். உதடு, நெற்றிக் குங்குமம், மருதாணிக் கை, கன்னம் எல்லாம் கூடவே இழுபடும்.

ஜேபெக் மட்டும்தான் இருக்கிறதா? போட்டோஷாப்பில் சேனல்ஸ் பலகையைத் திறந்து பச்சை சேனலைத் தனியாகப் பாருங்கள். சிவப்பில் தொலைந்த மடிப்பு அங்கே மங்கலாக உயிரோடு இருக்கும். அதை நகலெடுத்து மேலே ஒரு லேயராக வைத்து, லுமினாசிட்டி பிளெண்டில் (வெளிச்சத்தை மட்டும் கலக்கும் முறை) ஒபாசிட்டியைக் குறைவாக வைத்தால், நிறம் மாறாமல் மடிப்பு மட்டும் வரும்.

மயில்கழுத்துப் புடவை ஒரு படத்தில் நீலம், இன்னொன்றில் பச்சை. எது சரி?

இரண்டும் சரி. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் என்று நெய்த துணி அது, பார்க்கும் கோணத்தைப் பொறுத்து ஒன்று மேலெழும். ஒரே படத்தில் ஒரே மடிப்பின் இரு பக்கத்திலும்கூட இரண்டு நிறம் தெரியும். ஹியூ ஸ்லைடரால் (ஒரு நிறத்தைப் பக்கத்து நிறமாக மாற்றுவது) அதை ஒரே நிறத்துக்குள் தள்ளினால் பட்டு பாலியெஸ்டராகிவிடும். விட்டுவிடுங்கள்.

‘பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க’ என்கிறார்கள். என்ன செய்வது?

நான் செய்வதில்லை. கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும், தொழில்நுட்பமாகவும் அது கேவலமாகத்தான் வரும். வழக்கமாகச் செய்வது ஆரஞ்சு லுமினன்ஸை, அதாவது ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை ஏற்றுவது. முகம் வெளுக்கும், கூடவே மணை வெளுக்கும், ஜரிகை வெளுக்கும், சந்தனம் காணாமல் போகும். கன்னத்துக்கும் தாடைக்கும் நடுவில் இருந்த நிழல் தட்டையாகி, மாநிற முகம் சாம்பல் பூத்தது போலாகும். முகத்தை மட்டும் மாஸ்க் செய்து வெளுத்தாலோ கழுத்து ஒரு ஆள், முகம் ஒரு ஆள்.

கலரா என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உண்மையில் வேண்டியது முகத்தில் வெளிச்சம். பின்னால் வெள்ளைப் பூ அலங்காரம், பக்கத்தில் வெள்ளை வேட்டி. அவற்றைப் பார்த்து கேமரா எக்ஸ்போஷரைக் குறைத்திருக்கும், முகம் மங்கியிருக்கும். முகம், கழுத்து, கை மூன்றையும் சேர்த்து மாஸ்க் செய்து எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்புக்குள் ஏற்றிப் பாருங்கள். நிறம் அவருடையதாகவே இருக்கும், முகம் எழும். அதைக் காட்டினால் பெரும்பாலும் அடுத்த பேச்சு வராது.

தோல் நிறத்தை எண்ணிலும் சோதிக்கலாம். கர்சரை நெற்றியிலோ கன்னத்திலோ வைத்தால் சிவப்பு எண் மேலே, பச்சை நடுவில், நீலம் கீழே இருக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் மாநிறம் தோராயமாக 165, 115, 85 என்று வரும். நீலம் பச்சையை நெருங்கினால் முகம் ரோஸாகும். பச்சை சிவப்பை நெருங்கினால் காமாலை. வெளுத்தவர், மாநிறம், கறுப்பு என்று யாராக இருந்தாலும் இந்த வரிசை மாறாது. தோலின் ஹியூ மனிதர்களுக்குள் அதிகம் வேறுபடுவதில்லை, வேறுபடுவது பெரும்பாலும் அடர்த்திதான். வீடியோ எடிட்டர்கள் பார்க்கும் வெக்டர்ஸ்கோப்பில் (படத்தின் நிறங்களைக் காட்டும் வட்ட வரைபடம்) எல்லா முகங்களுக்கும் ஒரே ‘ஸ்கின் டோன்’ கோடு போட்டிருப்பது அதனால்தான்.

ஒரு பழைய சங்கதி. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் மெஷினைச் சரிசெய்ய லேப்களுக்கு கோடாக் அனுப்பிய கார்டின் பெயர் ‘ஷெர்லி கார்டு’. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி என்று கணக்கு. பல நிறத்தவரும் சேர்ந்து இருக்கிற கார்டு 1990களில்தான் வந்தது. நம் வீட்டுப் பழைய கலர் போட்டோக்களில் அத்தைகளும் மாமாக்களும் இருண்டு போயிருப்பதற்கு வீட்டு டியூப்லைட் மட்டும் காரணமில்லை.

நலங்குப் படங்களில் மஞ்சள் ஏன் வெளிறிப்போகிறது?

ஃபிரேம் முழுக்க மஞ்சள் இருப்பதைப் பார்த்து ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், ஒளிதான் மஞ்சள் என்று நினைத்து நீலத்தைச் சேர்க்கிறது. வெயிலில் என்றால் 5500-இல் நிறுத்திவைத்து எடுங்கள். ஆட்டோவில் எடுத்துவிட்டீர்கள் என்றால் ராவில் அதே எண்ணைக் கொடுத்தால் போதும்.

ரா கட்டாயமா? ஜேபெக் போதாதா?

இதுவரை எத்தனை இடத்தில் ‘ராவில் என்றால்’ என்று எழுதினேன் என்பதே பதில். ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள். 12 பிட் ராவில் 4096, 14 பிட்டில் 16,384. அதைவிட முக்கியம், ராவில் ஒயிட் பேலன்ஸ் இன்னும் படத்தோடு கலக்கவில்லை, ஒரு குறிப்பாக மட்டும் கூட வருகிறது. ஜேபெக்கில் அது வெந்து முடிந்த சோறு.

சென்சாரின் அமைப்பையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கோடாக்கில் வேலைபார்த்த பிரைஸ் பேயர் வடிவமைத்து 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டிதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. அதில் பாதிக் கட்டங்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். ஒவ்வொரு கட்டமும் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கும், மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்புவார்கள். சுத்தச் சிவப்புப் பட்டில் உண்மையான தகவல் பெரும்பாலும் அந்தக் கால் பங்கிலிருந்துதான் வருகிறது. சிவப்பு இவ்வளவு படுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாச்சுரேஷனுக்கும் வைப்ரன்ஸுக்கும் என்ன வித்தியாசம்?

சாச்சுரேஷன் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் ஏற்றும். வைப்ரன்ஸ் மங்கலான நிறங்களை அதிகமாகவும், ஏற்கெனவே அடர்ந்தவற்றைக் குறைவாகவும் ஏற்றும், தோல் நிறத்தையும் முடிந்தவரை காப்பாற்றும். கல்யாணப் படத்துக்கு வைப்ரன்ஸ் கொஞ்சம், சாச்சுரேஷன் பூஜ்யம்.

ப்ரீசெட் வாங்கலாமா?

ப்ரீசெட் என்பது ஒரே கிளிக்கில் போடும் தயார் எடிட்டிங் அமைப்பு. வாங்குங்கள், ஆனால் திறந்து பாருங்கள். இணையத்தில் ஓடுகிற பல ப்ரீசெட்கள் பச்சையைப் பழுப்பாக்கி, ஆரஞ்சைத் தூக்கி, நிழலில் நீலத்தைக் கலப்பவை. வெளிநாட்டுக் கடற்கரைக் கல்யாணத்துக்கு அழகாக இருக்கும். நம் வீட்டில் அதைப் போட்டால் மாவிலைத் தோரணம் காய்ந்த சருகாகிவிடும், வாசல் வாழைமரம் வாடி நிற்கும், வெற்றிலைத் தட்டைப் பார்த்தால் பாட்டி சண்டைக்கு வருவார். பச்சையைத் தொடாத ப்ரீசெட் கிடைத்தால் சொல்லுங்கள், நானும் வாங்குகிறேன்.

ஆயிரக்கணக்கான படங்கள். ஒவ்வொன்றையும் திருத்த முடியுமா?

லைட் மாறுகிற இடங்களில் படங்களைப் பிரியுங்கள்: வீட்டில் அலங்காரம், கோயில், மணமேடை, பந்தி, ரிசப்ஷன். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு படத்தை முழுதாகச் சரிசெய்து அதன் அமைப்பை மற்றவற்றுக்கு சிங்க் செய்யுங்கள். இது வேலை செய்ய வேண்டுமென்றால் எடுக்கும்போது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் கூடாது. ஆட்டோவில் படத்துக்குப் படம் எண் மாறிக்கொண்டே போகும். இரண்டு கேமராக்காரர்கள் வேறு வேறு கம்பெனி கேமராவில் எடுத்திருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் செய்யுங்கள், ஒரே எண் கொடுத்தாலும் ஒரே நிறம் வராது.

லேப்டாப்பில் பளிச்சென்று இருந்தது, ஆல்பம் இருட்டாக வந்திருக்கிறது. லேபின் தப்பா?

அநேகமாக உங்கள் திரைதான். முழு பிரைட்னஸில் வைத்து எடிட் செய்தால் படத்தை உங்களை அறியாமலே இருட்டாக்கிவிடுவீர்கள். பிரிண்டுக்கான எடிட்டிங்கில் திரையின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் இருந்தால் போதும், பல லேப்டாப்கள் இதைப்போல் மூன்று மடங்கு எரியும். வெண்மை 6500 கெல்வின், காமா (திரையில் இருட்டிலிருந்து வெளிச்சம் ஏறும் வேகம்) 2.2. இதை அளந்து சரிசெய்ய காலிபரேட்டர் கருவி வாங்கலாம், நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டாலும் சரி. இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை எடிட்டிங் நேரத்தில் அணைத்துவையுங்கள். இதை மறந்து நடு ராத்திரியில் நீலமான ஆல்பம் செய்பவர்கள் நிறைய.

இன்னொன்று கலர் ஸ்பேஸ், அதாவது எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற ஒப்பந்தம். 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்த எஸ்ஆர்ஜிபிதான் வாட்ஸப், இணையம், சாதாரண போட்டோ லேப் எல்லாவற்றுக்கும் பொது. அடோபி ஆர்ஜிபியில் அனுப்பிய படத்தை அதன் புரொஃபைலைப் படிக்காத மென்பொருளில் திறந்தால் நிறம் செத்துத் தெரியும். லேப் வேறு எதையும் கேட்காதவரை எஸ்ஆர்ஜிபியில் கொடுங்கள். பத்திரிகை, போஸ்டர் என்று ஆஃப்செட்டில் அச்சடிப்பதற்கு மட்டும் சிஎம்ஒய்கே (நான்கு அச்சு மைகளின் கணக்கு), அதையும் அச்சகத்தின் புரொஃபைலைக் கேட்டு வாங்கிய பிறகு. சிஎம்ஒய்கேயில் பளீர் நீலமும் ராமர் பச்சையும் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். முழு ஆல்பம் போவதற்கு முன் சிவப்புப் பட்டு, கறுத்த முகம், வெள்ளை வேட்டி மூன்றும் உள்ள ஒரு படத்தைச் சின்ன அளவில் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்பா அம்மா கல்யாண போட்டோ முழுக்கச் சிவந்துபோய்விட்டது. மீட்கலாமா?

ஓரளவு மீட்கலாம். கலர் பிரிண்டில் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜன்டா, மஞ்சள் என மூன்று சாயங்கள். 1970களின் பல தாள்களில், பெட்டிக்குள் இருட்டில் இருந்தாலும் சயான்தான் முதலில் மங்கியது. சயான் போனால் மிஞ்சுவது சிவப்பு. ஜேபெக்காக இல்லாமல் 16 பிட் டிஃப்பாக ஸ்கேன் செய்து, லெவல்ஸில் மூன்று சேனலையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றின் இரு முனைகளையும் ஹிஸ்டோகிராம் தொடங்கும், முடியும் இடத்துக்கு இழுங்கள். சிவப்பு சேனல் ஒரு குறுகிய மேடாக வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும், அதை விரித்ததும் கறுப்புத் தலைமுடி கறுப்பாகத் திரும்பும். மிச்சத்தை கர்வ்ஸில் முகத்தைப் பார்த்து நகர்த்துங்கள். புடவை என்ன நிறம் என்பதை அம்மாவிடமே கேட்டுவிடலாம்.

காசு கொடுக்காமல் எந்த மென்பொருள்?

கணினியில் ரா கோப்புக்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபி, லேயர் வேலைக்கு கிம்ப். மூன்றும் இலவசம். போனில் ஸ்னாப்சீட். டார்க்டேபிள் முதல் வாரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விடும், பொறுத்துக்கொண்டால் லைட்ரூமுக்குக் குறைவில்லை.